அண்ணாந்து பார்த்தவரிடம் கேளுங்கள்

போன இதழில், மேரிலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தைப் பற்றிய சொற்பொழிவுகளைக் கேட்கப் போய்வந்த கதையை நாலு வரி எழுதியிருந்தேன். வழக்கமாக "நிழல் எப்படி விழ வேண்டும்", "எந்த பிரஷ் வாங்கலாம்" என்று கேட்கிற நீங்கள் இந்த மாதம் அதைப் பற்றியே எழுதித் தள்ளிவிட்டீர்கள். சரி, வாட்டர் கலருக்கு இந்த மாதம் லீவு.

ஒரு கட்டடத்தைப் பற்றி உட்கார்ந்து கேட்க என்ன சார் இருக்கிறது? டிக்கெட் உண்டா? யார் வேண்டுமானாலும் போகலாமா?
*வாசகர், மன்னார்குடி*

டிக்கெட் கிடையாது. அதனால்தான் போனேன்.

காலை எட்டு மணிக்கு மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேத்தி பள்ளிக்கூடம். என் மனைவிக்கு டிவி சீரியல் போதும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நாலு மணி வரை நானும் ஜன்னலும்தான். மகள்தான் போனில் தேடி இதைக் கண்டுபிடித்தாள். கேபிடல் என்பது அந்தக் கட்டடத்தின் பெயர். உள்ளே கூடும் சபைக்குப் பெயர் காங்கிரஸ் (நம் ஊர்க் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்); அதில் செனட், பிரதிநிதிகள் சபை என்று இரண்டு அவை. அந்தக் கட்டடத்தின் வரலாற்றுக்கென்றே ஒரு சங்கம் 1962இல் தொடங்கியிருக்கிறார்கள். பெயர் யுனைடெட் ஸ்டேட்ஸ் கேபிடல் ஹிஸ்டாரிகல் சொசைட்டி. அவர்கள் மதியச் சாப்பாட்டு வேளையில் பேச்சு வைப்பார்கள். அவரவர் டப்பாவை அவரவர் கொண்டுவந்து, சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம்.

முதல் நாள் நியூ கேரல்டனில் ஆரஞ்சு லைன் ரயிலேறி, கேபிடல் சவுத்தில் இறங்கி, நாலு பேரைக் கேட்டு இடத்தைப் பிடித்தேன். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பாதிக்கு மேல் என் வயதுக்காரர்கள். எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்ததும் பெருங்காய வாசனைக்கு இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது. பக்கத்து நாற்காலிப் பெரியவர் மட்டும், "அது என்ன?" என்று கேட்டு ஒரு ஸ்பூன் வாங்கிக்கொண்டார். அடுத்த முறையிலிருந்து எனக்கு இடம் பிடித்து வைத்ததும் அவர்தான்.

பேசுகிறவர்கள் வரலாற்று ஆசிரியர்கள், ஓவியத்தையும் சிலையையும் பழுது பார்ப்பவர்கள். இந்தப் பழுது பார்ப்பவர்கள் பேச்சுதான் எனக்குப் பிடித்தது. வரலாற்றாசிரியர் ஓவியத்தின் அர்த்தத்தைச் சொல்வார். இவர்கள், மேலே பூசிய நாலு கோட் பெயின்ட்டைக் கத்தி முனையால் துளித்துளியாகச் சுரண்டினால் அடியில் என்ன நிறம் வந்தது என்று சொல்வார்கள். டிராயிங் மாஸ்டருக்கு வேறென்ன வேண்டும்? இங்கிலீஷ் வேகமாகத்தான் இருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்தால் திரையில் படத்தைப் பார்த்தே பாதி புரிந்துவிடும். பல பேச்சுகளை சி-ஸ்பான் தொலைக்காட்சி பதிவு செய்து இணையத்தில் வைத்திருக்கிறது; மன்னார்குடியிலிருந்தே கேட்கலாம். பெருங்காயம்தான் உங்கள் செலவு.

சாரத்திலிருந்து விழப் பார்த்த ஓவியர் என்று எழுதிவிட்டு அப்படியே விட்டுவிட்டீர்களே ஐயா! அப்புறம் என்ன ஆனார்?
*ஓவியக் கல்லூரி மாணவர், கும்பகோணம்*

விழவில்லை தம்பி, தொங்கினார்.

பெயர் கான்ஸ்டன்டினோ புருமிடி. 1805இல் ரோமில் பிறந்தவர்; அப்பா கிரேக்கர், அம்மா இத்தாலி. போப்பாண்டவரின் வாடிகனில் வேலை பார்த்த கை. 1849இல் ரோமில் நடந்த புரட்சிக் குழப்பத்தில் ஜெயிலுக்குப் போய், விடுதலையானதும் 1852இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அந்தச் சமயத்தில் கேபிடலைப் பெரிதாக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பில் இருந்தவர் மெய்க்ஸ் என்ற ராணுவ எஞ்சினியர். "சரி, ஒரு சுவரைத் தருகிறேன், போட்டுக் காட்டு" என்கிற கணக்கில் 1855இல் ஒரு கமிட்டி அறையின் சுவரைக் கொடுத்தார். புருமிடி அதில் ஏர் உழுதுகொண்டிருந்த ரோமானியன் ஒருவனைப் போர்த்தலைமைக்கு அழைக்கும் காட்சியை வரைந்தார். பிடித்துப்போயிற்று. நாளுக்கு 8 டாலர் கூலி, பிறகு 10. அப்படி ஏறியவர் சாகும்வரை, இருபத்தைந்து வருஷம், அந்தக் கட்டடத்தை விட்டு இறங்கவில்லை.

அவர் செய்தது ஃப்ரெஸ்கோ. உனக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள்: சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே நிறத்தை வைக்க வேண்டும். சாந்து இறுகும்போது நிறமும் சேர்ந்து இறுகிச் சுவராகவே ஆகிவிடும். அதனால் இன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுதான் இன்றைக்குச் சாந்து பூசலாம். ரப்பர் போட்டு அழிக்கிற பேச்சே இல்லை. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் நேற்றையச் சாந்துக்கும் இன்றையச் சாந்துக்கும் நடுவே மெல்லிய ஒட்டுக்கோடு தெரியும். பழுது பார்ப்பவர்கள் அதை வைத்தே, இந்தக் கையை ஒருநாளில் வரைந்தார், அந்த முகத்துக்கு இன்னொரு நாள் எடுத்தது என்று சொல்லிவிடுகிறார்கள். மனுஷன் செத்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் அவனுடைய மஸ்டர் ரோல் சுவரில் இருக்கிறது.

ரொட்டுண்டா என்கிற நடு வட்டக்கூடத்தில், தரையிலிருந்து 58 அடி உயரத்தில், சுவரைச் சுற்றி ஒரு பட்டை ஓடுகிறது. 8 அடிக்குச் சற்று மேல் உயரம், சுற்றளவு சுமார் 300 அடி. அதில் அமெரிக்க வரலாற்றை வெள்ளை, பழுப்புச் சாயலில் மட்டும் வரைய வேண்டும். கீழேயிருந்து பார்த்தால் கல்லில் செதுக்கியது போலத் தெரிய வேண்டும். இதைத் தொடங்கும்போது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. 1879 அக்டோபரில் ஒருநாள் வரைந்துகொண்டிருந்தபோது உட்கார்ந்திருந்த நாற்காலி சாரத்தின் விளிம்பில் சறுக்கிவிட்டது. ஏணிப் படியொன்றைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் தொங்கியிருக்கிறார். 74 வயது! ஆள் வந்து தூக்கினார்கள். அதற்குப் பிறகு சுவருக்கான மாதிரிப் படங்களைக் கீழே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். 1880 பிப்ரவரியில் காலமானார்.

மிச்சத்தை இன்னொரு இத்தாலியரான கோஸ்டஜினி, புருமிடி விட்டுப்போன படங்களை வைத்து 1889இல் முடித்தார். முடித்தார் என்றா சொன்னேன்? பட்டையின் உயரம் எவ்வளவு என்பதில் ஆரம்பத்திலேயே நடந்த குழப்பத்தால் கணக்கு தப்பி, கடைசியில் 31 அடி வெற்றுச் சுவர் மிச்சம்! ஆண்டுவிழா பேனரில் 'அனைவரையும்' என்பதைப் பெரிதாக எழுதிவிட்டு 'வரவேற்கிறோம்' என்பதை ஓரத்தில் நசுக்குகிற பையன்களை முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன். இங்கே நேர் எதிர். கதை தீர்ந்துவிட்டது, துணி தீரவில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் அந்த இடம் அப்படியே கிடந்தது. 1950களின் தொடக்கத்தில் ஆலின் காக்ஸ் என்பவர் மூன்று காட்சிகளை வரைந்து நிரப்பினார். அதில் கடைசிக் காட்சி ரைட் சகோதரர்களின் விமானம். புருமிடி சாகும்போது விமானமே கிடையாது என்பதை யோசித்துப் பார். கணக்கு தப்பாமல் இருந்திருந்தால் அதற்கு அங்கே இடமே இருந்திருக்காது.

புருமிடியின் கல்லறைக்கு 1952 வரை அடையாளமே இல்லை. ஆனால் தன் பெயரை அவர் சுவரில் எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறார். 1857இல் குடியுரிமை கிடைத்தது. அந்த வருஷம் போட்ட ஃப்ரெஸ்கோவில் கையெழுத்துக்குக் கீழே, தான் அமெரிக்கக் குடிமகன் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கையெழுத்தைத் திரையில் காட்டியபோது என் பக்கத்துப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருடைய தாத்தாவும் கப்பலில் வந்தவராம்.

ஜார்ஜ் வாஷிங்டனைக் கடவுளாக்கிக் கூரையில் வரைந்திருப்பதாகப் படித்தேன். குடியரசு என்று சொல்லிக்கொள்கிற நாட்டிலா இந்தக் கூத்து?
*வாசகர், மதுரை*

மதுரையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகா சந்தோஷம்.

ஆமாம். அதுவும் புருமிடி கைதான். 1865இல், உள்நாட்டுப் போர் முடிந்த வருஷம், பதினொரு மாதத்தில் வரைந்தார். குவிமாடத்தின் உச்சியில், தரையிலிருந்து 180 அடி உயரத்தில், 4,664 சதுர அடி. நடுவில் வாஷிங்டன், இரண்டு பக்கமும் தேவதைகள், சுற்றிலும் முதல் 13 மாநிலங்களுக்காக 13 பெண்கள். ஓரத்தில் ரோமானியக் கடவுள்களெல்லாம் வேலை செய்கிறார்கள். வீனஸ் அட்லான்டிக் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விவசாய தேவதை சீரிஸ் அறுவடை இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். வியாபாரக் கடவுள் மெர்க்குரி, சுதந்திரப் போருக்குப் பணம் திரட்டிய ராபர்ட் மாரிஸிடம் பணப்பையை நீட்டுகிறான். ஆயுத பூஜையன்று நம் லேத்துப் பட்டறையில் மாட்டிய சாமி படம் மாதிரி, சாமியும் மெஷினும் ஒரே சட்டத்துக்குள். என் மனைவி அண்ணாந்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "கட்-அவுட்டைப் படுக்க வச்ச மாதிரி இருக்கு" என்றாள். இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொல்லி நான் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று: அந்த நாட்டு மக்களும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. கிரீனோ என்கிற சிற்பி வாஷிங்டனைக் கிரேக்கக் கடவுள் பாணியில், மேல்சட்டை இல்லாமல், இடுப்பிலும் காலிலும் மட்டும் துணியோடு பளிங்கில் செய்து, 1841இல் ரொட்டுண்டாவில் கொண்டுவந்து வைத்தார்கள். ஊரே சிரித்தது. குளித்துவிட்டுத் துண்டு தேடுகிறார் என்று கேலி. இரண்டே வருஷத்தில் வெளியே புல்வெளிக்குத் தள்ளினார்கள். பிறகு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று; இன்றும் அங்கேதான் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். கேபிடலின் அடித்தளத்தில் வாஷிங்டனுக்கென்று ஒரு கல்லறை அறையும் கட்டி வைத்திருந்தார்கள். குடும்பத்தார் உடலைத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அறை இன்றுவரை காலி.

அங்கேயெல்லாம் மேஜை உடைப்பு, மைக் வீச்சு கிடையாதாமே?
*வாசகர், தாம்பரம்*

1856 மே 22. தென்மாநில உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ், அடிமை முறையை எதிர்த்துப் பேசிய செனட்டர் சார்லஸ் சம்னரை, செனட் சபைக்குள்ளேயே கைத்தடியால் மண்டையில் அடித்தார். தரையோடு திருகி வைத்த மேஜைக்குள் கால் மாட்டிக்கொண்ட சம்னர், அந்த மேஜையைப் பெயர்த்துக்கொண்டுதான் எழுந்தார். முழுசாகத் தேறி வேலைக்கு வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மைக் அப்போது கண்டுபிடிக்கவில்லை.

என் மைத்துனர் கொடுத்த 2 டாலர் நோட்டின் பின்பக்கம் ஒரு கூட்டம் நிற்கிறதே, அது கேபிடலில் இருக்கும் படம்தானா?
*வாசகி, காரைக்குடி*

அதேதான். ஜான் டிரம்புல் வரைந்த 'சுதந்திரப் பிரகடனம்'. ரொட்டுண்டாவில் அவருடைய நான்கு படங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 12 அடிக்கு 18 அடி. 1817இல் காங்கிரஸ் மொத்தமாக 32,000 டாலருக்குப் பேசி வரையச் சொன்னது. கையெழுத்துப் போடுகிற காட்சி என்று எல்லோரும் நினைக்கிறோம். அல்ல, ஜூன் 28 அன்று வரைவைச் சபை முன் வைக்கிற காட்சி. கையெழுத்திட்ட 56 பேரில் 42 பேர்தான் படத்தில் உண்டு. கையெழுத்துப் போடாத சிலரும் நிற்கிறார்கள். நோட்டில் இடம் போதாமல் ஓரத்து ஆட்களில் சிலரை வேறு வெட்டிவிட்டார்கள். கல்யாண ஆல்பத்தில் ஓரத்தில் நின்ற சித்தப்பா கதிதான். நோட்டைச் செலவழித்துவிடாதீர்கள்.

குவிமாடத்தின் உச்சியில் நிற்கும் 'சுதந்திர தேவி' சிலையை ஓர் அடிமைதான் வார்த்தார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா, இல்லை வாட்ஸ்அப் கதையா?
*சட்டக் கல்லூரி மாணவி, சென்னை*

உண்மை. நான் கேட்ட பேச்சுகளிலேயே சாதத்தைத் தொடாமல் கேட்டது இதைத்தான்.

சிலையை வடிவமைத்தவர் தாமஸ் கிராஃபர்ட், ரோமில் பட்டறை வைத்திருந்த அமெரிக்கர். முதலில் அந்தப் பெண்ணின் தலையில் ஒரு குல்லா வைத்தார். பழைய ரோமில் விடுதலை பெற்ற அடிமைகள் போட்டுக்கொண்ட குல்லா அது. கட்டட வேலை அப்போது போர்த்துறையின் கீழ் இருந்தது; போர்த்துறைச் செயலாளர் ஜெஃபர்சன் டேவிஸ், தானே அடிமைகளை வைத்திருந்தவர். "நாம் பிறவியிலேயே சுதந்திரமானவர்கள், விடுவிக்கப்பட்ட அடிமையின் குல்லா நமக்கு எதற்கு" என்கிற வாதத்தை வைத்தார். குல்லா போய், கழுகுத் தலையும் இறகும் வைத்த தலைக்கவசம் வந்தது. இன்றைக்குக் கீழேயிருந்து பார்க்கிற பலர் அவளை ஒரு செவ்விந்தியப் பெண் என்றே நினைக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

கிராஃபர்ட் 1857இல் இறந்துபோனார். அவர் செய்த பிளாஸ்டர் மாதிரி, துண்டு துண்டாகப் பெட்டிகளில் கப்பலேறியது. கப்பல் ஒழுகி, பெர்முடாவில் மாட்டி, ஒருவழியாக வாஷிங்டன் வந்து சேர்ந்தது. ஓர் இத்தாலியத் தொழிலாளி துண்டுகளைச் சேர்த்து, மேலே பூசி, ஒட்டுத் தெரியாமல் நிறுத்திவிட்டார். வெண்கலத்தில் வார்க்கிற வேலை பிளேடன்ஸ்பர்க் ரோட்டில் பட்டறை வைத்திருந்த கிளார்க் மில்ஸுக்கு. மாதிரியைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் திரும்பப் பிரிக்க வேண்டும். ஒட்டு எங்கே என்று அந்த இத்தாலியருக்குத்தான் தெரியும். அவரோ கூலியை ஏற்றினால்தான் சொல்வேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

மில்ஸின் பட்டறையில் பிலிப் ரீட் என்ற அடிமை இருந்தார். சார்ல்ஸ்டனில் மில்ஸ் 1,200 டாலர் கொடுத்து வாங்கிய ஆள். சிலையின் தலையில் இருந்த இரும்பு வளையத்தில் கயிற்றைக் கட்டி, கப்பி போட்டு, மெல்ல மெல்ல மேலே இழுத்தார் ரீட். பாரம் ஏற ஏற, பூச்சு விரிந்து ஒட்டுகள் தாமாகவே கோடு காட்டின. அவ்வளவுதான். இது மில்ஸின் மகன் பின்னாளில் சொன்னது. தேர் நிலையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறீர்களா? பாரத்தோடு சண்டை போடமாட்டார்கள், பாரத்தைப் பேசவைப்பார்கள். எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

வார்ப்பு வேலையில் அச்சுக்குக் கீழே நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்வதும் ரீட் வேலை. நெருப்புக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வார நாள் கூலி எஜமானருக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமைக் கூலி மட்டும் அடிமையின் கைக்கு. 33 ஞாயிறு, நாளுக்கு 1 டாலர் 25 சென்ட், மொத்தம் 41 டாலர் 25 சென்ட். அந்த ரசீது இன்றும் இருக்கிறது. கையெழுத்து இடத்தில் ஒரு பெருக்கல் குறி. திரையில் அதைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். நானும் எத்தனையோ ஓவியங்களின் கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

1862 ஏப்ரல் 16 அன்று வாஷிங்டன் நகரில் அடிமை முறையை ஒழித்தார்கள். ரீட் விடுதலையானார். சிலையின் கடைசித் துண்டு உச்சியில் ஏறியது 1863 டிசம்பர் 2. ஆக, அவர் வார்த்த சிலை மேலே போகும்போது அவர் சுதந்திர மனிதர். குல்லாவை எடுக்கச் சொன்ன ஜெஃபர்சன் டேவிஸ் அப்போது எங்கே என்று கேளுங்கள். பிரிந்துபோன தென்மாநிலங்களின் ஜனாதிபதியாக, அதே கேபிடலுக்கு எதிராகப் போர் நடத்திக்கொண்டிருந்தார்.

அந்தப் பிளாஸ்டர் மாதிரி இப்போது பார்வையாளர் மையத்தில், இமேன்சிபேஷன் ஹால் (அடிமை விடுதலை மண்டபம்) என்று பெயர் வைத்த இடத்தில் நிற்கிறது. 19 அடி 6 அங்குலம். குவிமாட உச்சியில் பொம்மை போலத் தெரிகிறவள், பக்கத்தில் நின்றால் நம்மை மூன்று மடங்கு உயரத்திலிருந்து பார்க்கிறாள். பேச்சைக் கேட்ட மறுநாள் போய், அவள் தலையில் வளையம் தெரிகிறதா என்று கழுத்து வலிக்கத் தேடினேன். தலைக்கவசத்து இறகுதான் தெரிந்தது.

எல்லாம் ஆண்கள் கதையாகவே இருக்கிறதே. பெண்கள் யாரும் அந்தச் சுவருக்குள் நுழையவில்லையா?
*வாசகி, கோவை*

நுழைந்தார்கள், கீழ்த்தளம் வழியாக. பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடிய மூன்று பேரை, லுக்ரீஷியா மோட், எலிசபெத் கேடி ஸ்டான்டன், சூசன் பி. அந்தோணி, அடிலெய்டு ஜான்சன் என்கிற பெண் சிற்பி ஒரே பளிங்குக் கல்லில் செதுக்கினார். 1921இல் ரொட்டுண்டாவில் விழா நடத்தினார்கள். விழா முடிந்ததும் கீழ்த்தளத்துக்கு இறக்கினார்கள். அங்கிருந்து மறுபடி மேலே ஏற 1997 ஆயிற்று, எழுபத்தாறு வருஷம். நகர்த்தும் செலவும் நன்கொடையில்தான் வந்தது. கல்லின் பின்பக்கம் ஒரு பகுதி செதுக்காமல் கரடாகவே நிற்கும். மூன்றாவது முறை போனபோதுதான் அதைக் கவனித்தேன். முன்பக்கத்து முகங்களைவிட எனக்கு அந்தக் கரடுதான் பிடித்திருந்தது.

இன்னொருத்தி வின்னி ரீம். ஆபிரகாம் லிங்கன் சிலையைச் செய்ய 1866இல் காங்கிரஸ் அவளுக்கு வேலை கொடுத்தபோது வயது 18. சின்னப் பெண்ணிடமா இதைக் கொடுப்பது என்று செனட்டில் சண்டையே நடந்தது. 1871இல் சிலை திறந்தார்கள். லிங்கன் குனிந்து, கையிலிருக்கும் பத்திரத்தைப் பார்த்தபடி நிற்கிறார். ரொட்டுண்டாவில் மார்பை நிமிர்த்தாத தலைவர் சிலை அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

விவசாயிகளுக்கு ஏதாவது உண்டா?
*வாசகர், பொள்ளாச்சி*

மக்காச்சோளம் உண்டு. கட்டடக் கலைஞர் லட்ரோப், 1809இல் சில தூண்களின் தலையில் கிரேக்க இலைக்குப் பதிலாகச் சோளக் கதிரைச் செதுக்கவைத்தார். தான் செய்த பெரிய பெரிய வேலைகளை விட்டுவிட்டு உறுப்பினர்கள் இதைத்தான் பாராட்டினார்கள் என்று முன்னாள் ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனுக்குக் கொஞ்சம் வருத்தத்தோடு கடிதம் எழுதியிருக்கிறார். 1814இல் பிரிட்டிஷ் படை கட்டடத்துக்குத் தீ வைத்தபோதும் அந்தச் சோளம் வேகவில்லை.

ஒரு கூடத்தில் ஒரு மூலையில் கிசுகிசுத்தால் எதிர் மூலையில் கேட்குமாமே. எதிர்க்கட்சி பேசுவதை ஒட்டுக்கேட்க ஒரு தலைவர் அங்கே தூங்குவதுபோல நடித்தார் என்று யூடியூபில் பார்த்தேன்.
*வாசகர், திருநெல்வேலி*

முதல் பாதி சரி. ஸ்டேச்சுவரி ஹால் என்று பெயர், 1857 வரை பிரதிநிதிகள் சபை கூடிய இடம். பேத்தி ஓரிடத்தில் நின்று தரையைப் பார்த்துக் கிசுகிசுத்தாள். பல அடி தள்ளி நின்ற என் காதில், "தாத்தா, பசிக்குது" என்று விழுந்தது. நடுவில் நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் பாதிதான் தகராறு. அந்தத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். ஜனாதிபதியாக இருந்து இறங்கிய பிறகு, கௌரவம் பார்க்காமல் 17 வருஷம் சாதாரண உறுப்பினராக அங்கே உட்கார்ந்தவர். 1848 பிப்ரவரியில் தன் மேஜையிலேயே சரிந்து, பக்கத்து சபாநாயகர் அறையில் இரண்டு நாள் கழித்து இறந்தார்; மேஜை இருந்த இடத்தில் ஒரு வெண்கலத் தகடு பதித்திருக்கிறார்கள். ஆனால் அவர் காலத்தில் கூரை மரம். இன்றைய பிளாஸ்டர் கூரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாற்றிப் போட்டது. கூரை மாறினால் எதிரொலியும் மாறும். இன்று நமக்குக் கேட்கிற கிசுகிசு ஆடம்ஸுக்குக் கேட்டிருக்க வழியில்லை. இதைப் பேச்சில் கேட்டுவிட்டு வந்து பேத்தியிடம் சொன்னேன். "தாத்தா, எனக்கு முதல் கதைதான் பிடிச்சிருக்கு" என்றாள்.

அந்த மண்டபம் சிலைக்கூடமானது 1864 சட்டத்தால். மாநிலத்துக்கு இரண்டு சிலை அனுப்பலாம். வந்து குவிந்த கனத்தைத் தரை தாங்காது என்று 1933இல் பலவற்றை வேறு இடங்களுக்குப் பிரித்தார்கள். இப்போது மொத்தம் நூறு. பிடிக்காவிட்டால் மாநிலம் தன் சிலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு அனுப்பலாம் என்று 2000இல் விதி வந்தது. அலபாமா அப்படித்தான் 2009இல் ஹெலன் கெல்லரை அனுப்பியது. தண்ணீர்க் குழாயடியில் கையை நீட்டி நிற்கும் ஏழு வயதுக் குழந்தையாக. அதை மட்டும் தவறவிடாதீர்கள்.

நம் டெல்லி நாடாளுமன்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை?
*வாசகர், திருச்சி*

1927 ஜனவரி 18 அன்று வைஸ்ராய் இர்வின் திறந்துவைத்த பழைய வட்டக் கட்டடத்தைச் சுற்றி வெளியே 144 தூண்கள். அதை எல்லோரும் படம் பிடிக்கிறோம். உள்ளே தரைத்தள வெளித் தாழ்வாரத்தில் இந்திய வரலாற்றைச் சொல்லும் ஓவியங்கள் வரிசையாக உண்டு. முதல் சபாநாயகர் மாவலங்கர் காலத்தில் எழுந்த யோசனை. அவற்றை வரைந்த கைகளைப் பற்றி யாராவது சென்னையில் ஒரு மதியம் பேசுவதானால் சொல்லி அனுப்புங்கள். சாதம் நான் கொண்டுவருகிறேன்.

மகன் வர்ஜீனியாவில் இருக்கிறான், ஏப்ரலில் போகிறோம். கேபிடலை எப்படிப் பார்ப்பது? எனக்குக் கழுத்தில் தேய்மானம், அண்ணாந்து பார்க்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.
*வாசகி, சேலம்*

இலவசச் சுற்று உண்டு, ஞாயிறு தவிர. இணையத்தில் முன்பதிவு செய்யச் சொல்லுங்கள் மகனிடம். கிழக்குப் பக்கம் தரைக்கடியில் இருக்கும் பார்வையாளர் மையம் வழியாகத்தான் நுழைவு. சபை நடப்பதை மேலேயிருந்து பார்க்கத் தனிப் பாஸ் வேண்டும். வெளிநாட்டவர் பார்வையாளர் மையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்கலாம். புருமிடி வரைந்த நடைபாதைகள் செனட் பக்கம் இருக்கின்றன. சாதாரணச் சுற்றில் அங்கே கூட்டிப்போகமாட்டார்கள், தனிச் சுற்று நடக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர் பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோங்கள். சாப்பாட்டுப் பொருள் எதையும் உள்ளே விடமாட்டார்கள், உங்கள் தட்டை முறுக்கு உட்பட.

கழுத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ரொட்டுண்டாவில் போய் நின்றதும் செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, போனைப் படுக்கைவாட்டில் வயிற்றருகே பிடியுங்கள். தலையைக் குனிந்தபடியே 180 அடி உயரத்துக் கூரையை முழுசாகப் பார்க்கலாம். பெரிதாக்கியும் பார்க்கலாம். நடுவில் உங்கள் முகவாய்க்கட்டையும் தெரியும். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் வாஷிங்டன் வந்துவிடுவார்.